ஸ்பிரிங் தொட்டில் ஆட்டம்: கணக்கு ஏன் உதைக்கிறது?

தூக்கமில்லா_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். நான் படித்தது பி.காம்., இயற்பியலோடு இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது, அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தை. ஹாலில் கொக்கி, கொக்கியில் கயிறு, கயிற்றில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் குறுக்குக் கட்டை, அதில் அம்மாவின் பழைய நூல் புடவை. எல்லா வீட்டிலும் இருக்கிற ஸ்பிரிங் தொட்டில்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும்போது வேறு வேலை இல்லாமல் எண்ண ஆரம்பித்தேன். மேலும் கீழுமாக 20 ஆட்டத்துக்கு 24.3 நொடி, இன்னொரு முறை 24.8, இன்னொரு முறை 24.5. சராசரியாக 24.5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு இப்போது அலைவுகள் பாடம்தான் நடக்கிறதாம். அவள் சொன்னாள், "மாமா, பாப்பாவின் எடைகூடத் தெரிய வேண்டாம், பாப்பாவைப் போட்டதும் ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, அதை 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28 ஆல் பெருக்குங்கள், ஒரு ஆட்டத்துக்கான நேரம் வந்துவிடும்." தையல் டேப் வைத்து அளந்தேன், 22.5 செ.மீ. நீள்கிறது. கணக்குப் போட்டால் ஒரு ஆட்டத்துக்கு 0.95 நொடி, 20 ஆட்டத்துக்கு 19 நொடிதான் வருகிறது. ஐந்து நொடிக்கு மேல் உதைக்கிறது. மூன்று முறை அளந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பெரிய மர்மம். நேராக மேலும் கீழுமாகத்தான் ஆட்டிவிடுகிறேன். ஒரு நிமிடம் ஒழுங்காக ஆடிவிட்டு, அப்புறம் யாரும் தொடாமலே தொட்டில் பக்கவாட்டில் வீச ஆரம்பிக்கிறது, மேல் கீழ் ஆட்டம் கிட்டத்தட்ட நின்றே போகிறது, பிறகு வீச்சு குறைந்து மறுபடி மேல் கீழ் ஆட்டம் வருகிறது. ஐந்து மாதத்துக்கு முன்பு, பாப்பா 6.5 கிலோ இருந்தபோது, இப்படி நடந்ததே இல்லை. இப்போது 9.5 கிலோ. "கண்ணேறுதான், சுற்றிப் போடு" என்கிறார் அம்மா. சுற்றியும் போட்டாயிற்று.

நாலும்_தெரிந்தவன்:

காற்றுத் தடை. பாடப்புத்தகச் சூத்திரம் எல்லாம் காற்றே இல்லாத இடத்துக்குத்தான், நிஜத்தில் தடை இருப்பதால் மெதுவாக ஆடும். அவ்வளவுதான் விஷயம். குழந்தையும் கை கால் ஆட்டும் இல்லையா.

கரும்பலகை:

காற்றுத் தடை இல்லை. தடை இருந்தால் வீச்சு, அதாவது ஆட்டம் எவ்வளவு தூரம் போகிறது என்பது, குறைந்துகொண்டே போகும், உண்மை, ஆனால் அலைவுநேரத்தை, அதாவது ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை, அது தொடுவதே இல்லை என்று சொல்லலாம். பத்து ஆட்டத்தில் வீச்சு பாதியாகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால்கூட 20 ஆட்டத்தின் மொத்த நேரத்தில் வரும் மாற்றம் ஒரு நொடியில் ஐநூறில் ஒரு பங்குக்கும் கீழே. இங்கே தேடுவது ஐந்து நொடியை.

தூக்கமில்லா அப்பா, உங்கள் அக்கா மகள் சொன்னது தவறில்லை, ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அலைவுநேரத்துக்கு அடிப்படையான சூத்திரம், நிறையைச் சுருள்மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 பை, அதாவது 6.28 ஆல் பெருக்குவது. சுருள்மாறிலி என்றால் ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பது. குழந்தை அசையாமல் தொங்கும்போது அதன் எடையும் ஸ்பிரிங்கின் இழுப்பும் சமம். இழுப்பு என்பது மாறிலி பெருக்கல் நீட்சி என்று எடுத்துக்கொண்டால், நிறையை மாறிலியால் வகுப்பதும் நீட்சியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுப்பதும் ஒன்றாகிவிடும். அப்படித்தான் எடை கணக்கிலிருந்து காணாமல் போகிறது. அழகான குறுக்குவழி, நானே வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்.

இப்போது அதையே தலைகீழாகப் போடுங்கள். 20 ஆட்டத்துக்கு 24.5 நொடி என்றால் ஒரு ஆட்டம் 1.225 நொடி. அதற்கு ஸ்பிரிங் 37 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். நீங்கள் அளந்தது 22.5. ஆக, கிட்டத்தட்ட 15 செ.மீ. காணவில்லை. நேரம் அளந்ததில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை, மூன்று முறையும் அரை நொடிக்குள்தான் மாறுகிறது. நீட்சியில்தான் ஏதோ இருக்கிறது. ஸ்பிரிங்கைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கம்பி_பட்டறை:

அந்த 15 செ.மீ. எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன். கோவையில் சின்னதாக ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறேன், தொட்டில் ஸ்பிரிங்கும் சுற்றுவோம்.

தொட்டிலுக்குப் போடுவது டென்ஷன் ஸ்பிரிங். சும்மா இருக்கும்போது சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். வெறுமனே ஒட்டி நிற்பதில்லை, ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்கும். சுற்றும்போதே கம்பிக்கு ஒரு முறுக்கம் கொடுத்துத்தான் சுற்றுவோம், அதற்கு இனிஷியல் டென்ஷன் என்று பெயர். அந்த அழுத்தத்தைத் தாண்டுகிற அளவுக்கு எடை தொங்கினால்தான் முதல் சுற்றே பிரியும். மூன்று கிலோவோ ஐந்து கிலோவோ, ஸ்பிரிங்கைப் பொறுத்து, அதுவரை ஒரு இம்மிகூட நீளாது. அதைத் தாண்டிய எடைக்குத்தான் நீட்சி.

நீங்கள் அளந்த 22.5 செ.மீ. மொத்த எடைக்கான நீட்சி இல்லை, மிச்ச எடைக்கான நீட்சி. சோதித்துப் பார்ப்பது சுலபம். குழந்தையை இறக்கிவிட்டு வெறும் தொட்டிலோடு பாருங்கள், சுற்றுக்கு நடுவில் ஒரு காகிதத்தைச் செருக முடிகிறதா என்று. முடியாது என்று பந்தயம் கட்டுகிறேன். அப்புறம் 5 கிலோ அரிசிப் பை ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்து ஒவ்வொன்றுக்கும் நீளம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம், பூஜ்யத்திலிருந்து அளக்காதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். டென்ஷன் ஸ்பிரிங் உடைந்தால் பெரும்பாலும் நடுச்சுற்றில் உடையாது, முனையில் கொக்கியாக வளைத்திருக்கிற இடத்தில்தான் உடையும். அங்கே துருவோ கீறலோ தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு நல்ல கயிற்றைத் தளர்வாக விட்டு இரண்டு முனையிலும் கட்டிவையுங்கள், ஸ்பிரிங் போனாலும் குழந்தை கீழே வராது. கயிறு ஆட்டத்தைத் தடுக்கிற அளவுக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தூக்கமில்லா_அப்பா:

கம்பி பட்டறை அண்ணே, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். மின்கட்டண ரசீதைக்கூட நுழைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பா பாட்டியோடு பாயில் தூங்கிய நேரத்தில் எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். லக்கேஜ் தராசில் புடவையும் கட்டையும் சேர்ந்து 1.5 கிலோ, ஸ்பிரிங் மட்டும் 950 கிராம். வெறும் தொட்டிலுக்கு நீட்சி பூஜ்யம். ஒரு அரிசிப் பைக்கு 8 செ.மீ. இரண்டு பைக்கு 24. மூன்று பைக்கு 40.5. முதல் ஐந்து கிலோவுக்கு எட்டு, அடுத்த ஐந்துக்குப் பதினாறு! அம்மா வந்து பார்த்துவிட்டு, அரிசியைத் தாலாட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்கயிறும் கட்டிவிட்டேன், நன்றி.

இனி கணக்கை யாராவது போட்டுக்கொடுங்கள்.

கரும்பலகை:

அருமையான அளவீடு. என் மாணவர்களின் செய்முறை ஏட்டில்கூட இவ்வளவு நேர்மையான எண்கள் வருவதில்லை, அவர்கள் விடையைப் பார்த்துவிட்டுத்தான் அளவே எழுதுகிறார்கள்.

ஒரு பைக்கும் மூன்று பைக்கும் நடுவில் 10 கிலோ, அதாவது 98 நியூட்டன், நீளம் கூடியது 32.5 செ.மீ. ஆகவே சுருள்மாறிலி மீட்டருக்கு ஏறக்குறைய 301 நியூட்டன். ஒரு பை தொங்கும்போது மொத்தம் 6.5 கிலோ, அதன் எடை 63.7 நியூட்டன், ஆனால் 8 செ.மீ. நீட்சிக்குத் தேவை 24 நியூட்டன்தான். மீதி 40 நியூட்டன், அதாவது நாலு கிலோ எடை, சுற்றுகளைப் பிரிப்பதற்கே போய்விடுகிறது. அந்த 40 நியூட்டனை 301 ஆல் வகுத்தால் 13 செ.மீ. தொலைந்த 15இல் பதின்மூன்று கிடைத்துவிட்டது.

இன்னும் ஒரு செ.மீ. ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கும் நிறை உண்டு, அதுவும் சேர்ந்துதான் ஆடுகிறது, ஆனால் முழுதாக இல்லை. மேல்முனை அசைவதே இல்லை, கீழ்முனை குழந்தையின் வேகத்தில் போகிறது, நடுவில் இருப்பது பாதி வேகத்தில். எல்லாவற்றின் இயக்க ஆற்றலையும் கூட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கீழ்முனையில் தொங்குவதற்குச் சமம் என்று வரும். உங்களுக்கு 0.32 கிலோ. பாப்பா 9.5, புடவையும் கட்டையும் 1.5, இது 0.32, மொத்தம் 11.32 கிலோ. 301 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28 ஆல் பெருக்கினால் 1.218 நொடி. 20 ஆட்டத்துக்கு 24.4. நீங்கள் எண்ணியது 24.5. மிச்சத்தைத் தையல் டேப்பின் தலையில் போட்டுவிடலாம்.

அக்கா மகளிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஸ்பிரிங்கில் இப்போது எவ்வளவு விசை இருக்கிறது என்று அலைவுநேரம் கேட்பதில்லை. ஒரு செ.மீ. கீழே போனால் விசை எவ்வளவு கூடுகிறது, மேலே வந்தால் எவ்வளவு குறைகிறது, அதைத்தான் கேட்கிறது. அந்தக் கூடுதலும் குறைவும் இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இருந்தால் அது தனிச்சீரிசை இயக்கம், நாலு கிலோ முன்கூட்டியே உள்ளே அடைத்து வைத்திருந்தாலும் சரி. சுற்றுகள் மறுபடி மூடிக்கொள்கிற அளவுக்கு மேலே தூக்கி ஆட்டினால்தான் அது கெடும், அப்போது டக்கென்று ஒரு தட்டல் கேட்கும், குழந்தைக்கும் அது நல்லதில்லை.

நாலும்_தெரிந்தவன்:

சரி சரி, காற்றுத் தடை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசலுக்கு எடை கணக்கில்லை என்று படித்தேனே, ஸ்பிரிங்குக்கு மட்டும் ஏன் எடை வருகிறது?

ஏணைக்கயிறு:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் சேலைத் தொட்டிலை ஏணை என்று சொல்லுவோம், கரும்பலகை சொன்ன தனிச்சீரிசை இயக்கத்தைப் பாடத்தில் எளிமை இசை இயக்கம் என்று படித்தோம். பெயர் எதுவானாலும் ஆட்டம் ஒன்றுதான்.

ஸ்பிரிங் இல்லாத ஏணையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அதைத் திரும்ப நடுவுக்கு இழுப்பது பிள்ளையின் எடையேதான். பிள்ளை இரண்டு மடங்கு கனமானால் அசைப்பது இரண்டு மடங்கு கடினம், ஆனால் திரும்ப இழுக்கிற விசையும் இரண்டு மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், கயிற்றின் நீளம் மட்டும் மிஞ்சும். ஸ்பிரிங்குக்கு அந்தக் கரிசனம் கிடையாது. அதில் யாரைத் தொங்கவிட்டாலும் ஒரு செ.மீ.க்கு மூன்று நியூட்டன்தான் தரும். கனம் கூடினால் மெதுவாகத்தான் ஆடும்.

இதை வைத்தே விண்வெளியில் ஆட்களின் நிறையை அளந்திருக்கிறார்கள். 1973இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்தில் ஸ்பிரிங் பூட்டிய ஒரு இருக்கை இருந்தது. வீரர் அதில் தன்னைக் கட்டிக்கொண்டு இருக்க, இருக்கை முன்னும் பின்னும் ஆடும், ஆட்டத்துக்கு எடுக்கிற நேரத்திலிருந்து உடல் நிறையைக் கணக்கிடுவார்கள். அங்கே தராசில் ஏறி நின்றால் முள் அசையாது, ஊசலைத் தொங்கவிட்டால் தொங்கவே தொங்காது, ஸ்பிரிங்குக்கு மட்டும் பூமி தேவையில்லை. உங்கள் தொட்டிலும் அதே கருவிதான் அப்பா. பிள்ளை அரைக் கிலோ ஏறினால் 20 ஆட்டத்துக்கு அரை நொடி கூடும்.

கரும்பலகை:

ஏணைக்கயிறு சொன்னதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசல் நிறையைக் கண்டுகொள்ளாது, ஆனால் பூமியை நன்றாகக் கண்டுகொள்ளும். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு நொடி எடுக்கிற ஊசலின் நீளம் லண்டனில் 99.4 செ.மீ., சென்னையில் 99.1. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். நிலநடுக்கோட்டுப் பக்கம் புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு, சென்னையில் 9.78தான். இந்த மாதிரி ஊசல் அளவீட்டை வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் மதராஸ் வானாய்வகத்தில் செய்தார், அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வந்தது. வானாய்வகம் இப்போது இல்லை, அதன் கருங்கல் தூண் மட்டும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது, மேலே தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கும்.

தலைப்பை விட்டு ஓடிவிட்டேன். பக்கவாட்டு ஆட்டத்தை யாரும் தொடவில்லையே.

இரட்டை_அலை:

அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஆராய்ச்சியே இந்தப் பக்கம்தான். அப்பா, ஒரே ஒரு அளவு வேண்டும். மேல் கொக்கியிலிருந்து பாப்பாவின் வயிறு வரை எவ்வளவு?

தூக்கமில்லா_அப்பா:

பாப்பா உள்ளே இருக்கும்போது, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்.

இரட்டை_அலை:

நினைத்தேன். ஒன்றரை மீட்டர் ஊசல் ஒரு முழு வீச்சுக்கு எடுக்கிற நேரம் 2.46 நொடி. உங்கள் மேல் கீழ் ஆட்டம் 1.22 நொடி. இரண்டால் பெருக்குங்கள், 2.44. ஊசல் ஒருமுறை போய்வரும் நேரத்தில் ஸ்பிரிங் அச்சாக இரண்டுமுறை ஆடுகிறது. கண்ணேறு அங்கேதான் இருக்கிறது.

கோவில் திருவிழா ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடியிருக்கிறீர்களா? யாரும் தள்ளாமலே உயர உயரப் போவதற்கு என்ன செய்வோம், இரண்டு ஓரத்திலும் முட்டியை மடக்கிக் குந்துவோம், நடுவுக்கு வரும்போது விறைத்து எழுவோம். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு முறை எழுந்து இரண்டு முறை குந்துகிறோம். தொட்டிலில் அந்த வேலையை ஸ்பிரிங் செய்கிறது. சரியாக இரண்டுக்கு ஒன்று என்ற தாளத்தில் பாப்பாவை ஏற்றி இறக்குவதால், நீங்கள் கையை எடுக்கும்போது இருந்த ஒரு துளிப் பக்க அசைவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே போகிறது. பெருப்பதற்கான ஆற்றல் மேல் கீழ் ஆட்டத்திலிருந்துதான் வர வேண்டும், வேறு வழியில்லை, அதனால் அது செத்துவிடுகிறது. பிறகு எதிர்த் திசையில் நடக்கும். ஊசல் வீசும்போது நடுவைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் கயிறு அதிகமாக இழுபடும், ஒரு முழு வீச்சுக்கு இரண்டு முறை கடக்கிறது, ஆக அது ஸ்பிரிங்கைச் சரியான தாளத்தில் கீழே இழுத்து இழுத்து மேல் கீழ் ஆட்டத்தை மறுபடி எழுப்பிவிடுகிறது. இந்தக் கொடுத்து வாங்கல் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

இந்த ஸ்பிரிங் ஊசலை 1933இலேயே விட், கொரேலிக் என்ற இரண்டு சோவியத் இயற்பியலாளர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். அவர்களைத் தூண்டியது தொட்டில் இல்லை, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு. அதில் ஒரு அதிர்வின் வேகம் இன்னொன்றின் வேகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்று அதற்கு இரண்டு ஆண்டு முன்பு இயற்பியலாளர் ஃபெர்மி காட்டியிருந்தார்.

பாப்பா 6.5 கிலோ இருந்தபோது ஏன் வரவில்லை என்றால், அப்போது ஸ்பிரிங் ஆட்டம் 1.05 நொடி, ஸ்பிரிங் 10 செ.மீ. குறைவாக நீண்டிருக்கும் என்பதால் ஊசல் ஆட்டம் 2.37. விகிதம் 2.26, தாளம் சேரவில்லை. இப்போதுதான் சேர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு கிலோ ஏறினால் விகிதம் 1.9க்கு இறங்கிவிடும், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதுவரை பொறுக்க முடியாது என்றால் மேல் கயிற்றை ஒரு அடி ஏற்றியோ இறக்கியோ கட்டுங்கள்.

கம்பி_பட்டறை:

இருபது வருடமாக இந்த ஸ்பிரிங்கை விற்கிறேன், "தொட்டில் கோணலாக ஆடுகிறது, ஸ்பிரிங் சரியில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் வேறு ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மாற்றியதும் சரியாகிவிட்டது என்பார்கள். வேறு கம்பி, வேறு மாறிலி, தாளம் விலகியிருக்கும், இப்போதுதான் புரிகிறது. கயிற்றைச் சுருக்கிக் கட்டச் சொல்லியிருந்தால் என் காசு மிச்சம்.

தூக்கமில்லா_அப்பா:

கயிற்றை ஒரு அடி ஏற்றிக் கட்டினேன். வியாழன் ராத்திரி முழுக்கப் பார்த்தேன், மேலும் கீழுமாகத்தான் ஆடியது, ஒரு முறைகூடப் பக்கவாட்டில் போகவில்லை. இரட்டை அலை, கரும்பலகை சார், பட்டறை அண்ணே, யாழ்ப்பாணத்து நண்பர், எல்லாருக்கும் நன்றி. அக்கா மகள் அரிசிப் பை அட்டவணையை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு சிக்கல்தான். ஆட்டம் மாறியது பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மேலும் கீழும் ஆடிவிட்டு அந்தப் பக்க வீச்சு வருகிற நேரத்தில்தான் அவள் கண்ணே சொருகுமாம், இது அம்மா கவனித்தது, எனக்கு இத்தனை நாள் தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கயிற்றைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன்.